வகைக்கெழுச் சமன்பாடு யந்திரம் ஏறிய வரலாறு

சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த கல்லூரிகளில் கணிதம் கற்பித்துவந்த பல தலைமுறை ஆசிரியர்களின் மேசைமீது, நாட்டிங்ஹாமில் பேராசிரியராக இருந்த பியாஜியோ 1920-இல் வெளியிட்ட வகைக்கெழுச் சமன்பாட்டு நூலோ, பின்னாளில் நம்மவர்களான எஸ். நாராயணனும் டி.கே. மாணிக்கவாசகம் பிள்ளையும் எழுதிய நூல்களோ இல்லாதிருப்பது அபூர்வம். அத்தகைய நூல்களைக் கொண்டு அந்தப் பாடத்தைப் பயின்றவர்களுக்கு அதன் போக்கு மனப்பாடமாகவே இருக்கும். முதலில் மாறிகளைப் பிரித்துத் தொகையிட வேண்டும். பிரிய மறுத்தால் சமபடித்தானதா என்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஒரு தொகையீட்டுக் காரணியைத் தேடிப்பிடித்துப் பெருக்க வேண்டும். இரண்டாம் வரிசைச் சமன்பாடு வந்துவிட்டால் 'சி.எஃப்.' எனும் நிரப்புச் சார்பு ஒன்றும் 'பி.ஐ.' எனும் சிறப்புத் தொகை ஒன்றும் கண்டு, இரண்டையும் கூட்டி எழுதி, அடியில் கோடு போட வேண்டும். இந்த உபாயங்களிலெல்லாம் கை தேர்ந்து, பரீட்சையிலும் முதல் வகுப்பில் தேறிய வித்தியார்த்தி, உலகத்திலுள்ள வகைக்கெழுச் சமன்பாடு ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு சூத்திரம் ஒளிந்திருக்கிறது என்றும், அது தன் கண்ணுக்கு அகப்படவில்லையென்றால் குறை தன்னுடையதே என்றும் நம்பிக்கொண்டு கல்லூரியை விட்டு வெளியேறுவான். உண்மையோ அதற்கு நேர்மாறானது. சூத்திரமாகத் தீர்வு எழுதக்கூடிய சமன்பாடுகள் மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தைப் பொறுக்கியெடுத்துத்தான் சுமார் இருநூறு ஆண்டுகளாக உலகம் முழுவதும் பாடமாக வைத்திருந்தார்கள். யந்திரங்களும் அவற்றின் வழித்தோன்றல்களான கணித மென்பொருள்களும் இந்தப் பொறுக்கலுக்கு எவ்வாறு முடிவு கட்டின என்பதும், கட்டிய பிறகும் வகுப்பறை ஏன் பழைய பழக்கத்தை விடவில்லை என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

விஷயத்தின் வேர் ஒரே ஒரு சமன்பாட்டில் பிரத்தியட்சமாகத் தெரியும். ஒரு வளைகோட்டின் மேலுள்ள ஒவ்வொரு புள்ளியிலும் அதன் சாய்வு, அப்புள்ளியின் இரண்டு ஆயங்களையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டிய தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். அந்த வளைகோடு எது? பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கக்கூடிய இந்தக் கேள்வியை பெர்னூலி சகோதரர்கள் பதினேழாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே கையில் எடுத்துக்கொண்டு திணறினார்கள். ரிக்காட்டியின் பெயரால் வழங்கும் சமன்பாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. அக்குடும்பத்தில் எவையெவை சூத்திரத்துக்கு வசப்படும் என்று டேனியல் பெர்னூலி 1724-இல் காட்டினார். அவற்றைத் தவிர வேறெதுவும் வசப்படாது என்பதை ஜோசப் லியூவில் 1841-இல் ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்தார். ஆகவே நமது எளிய வளைகோட்டுக்குச் சாதாரணச் சார்புகளால் ஆன விடை கிடையாது என்பது தீர்ந்துபோன வழக்கு. இவ்வளவு பெரிய செய்தி கல்லூரிப் பாடநூல்களில் ஒரு மூலையில் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறாமல் போனது விசித்திரம் என்றே சொல்ல வேண்டும்.

சூத்திரம் இல்லையென்பதால் விடையும் இல்லை என்று ஆகிவிடாது. பீட்டர்ஸ்பர்க் நகரத்திலிருந்து 1768-இல் வெளிவந்த தமது தொகை நுண்கணித நூலின் முதற்பாகத்தில் ஆய்லர் இதற்கு மிக எளிய வழி ஒன்றைச் சொல்லிவைத்தார். நிற்கும் புள்ளியில் சாய்வு என்ன என்பதைச் சமன்பாடே சொல்கிறது. அந்தச் சாய்வில் ஒரு சிறிய அடி எடுத்துவைத்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடியும் சாய்வைக் கேட்டு, அடுத்த அடி வைக்க வேண்டும். அடி எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்கு உண்மை வளைகோட்டை ஒட்டிப் போகலாம். ஒரு தொகை தன் அளவுக்குச் சமமான வேகத்தில் வளர்வதாக வைத்துக்கொண்டு, ஒன்றில் தொடங்கி, ஓர் அலகு தூரத்தை ஒரே அடியில் கடந்தால் விடை 2. இரண்டு அடியில் கடந்தால் 2.25, பத்து அடியில் கடந்தால் 2.5937, உண்மை விடையோ 2.7183. பத்து அடி போட்டும் முதல் தசமத்தானமே சரிவரவில்லை என்பதைப் பார்த்தால், இந்த வழி எவ்வளவு எளிதோ அவ்வளவு உழைப்பையும் கேட்பது என்பது புலப்படும். உழைப்பைக் குறைக்கும் பொருட்டு ரூங்கே 1895-இலும், ஹாயின் 1900-இலும், குட்டா 1901-இலும், அடி வைப்பதற்கு முன் இடைவழியிலும் சாய்வைக் கேட்டுச் சராசரி எடுக்கும் முறைகளை வகுத்தார்கள்; இன்றைய மென்பொருள்களின் உள்ளே ஓடுவதும் பெரும்பாலும் அம்முறைகளின் சந்ததியே.

அந்த உழைப்பு எத்தகையது என்பதற்கு, ஆய்லரின் நூலுக்குப் பத்தாண்டு முன்பே பாரிஸில் நடந்த ஒரு காரியம் சாட்சி. ஹாலி குறித்த வால்நட்சத்திரம் திரும்பி வரும் காலம் நெருங்கியபோது, வியாழன், சனி ஆகிய கிரகங்களின் ஈர்ப்பால் அதன் வருகை எவ்வளவு தாமதமாகும் என்று கணக்கிட 1758-இல் அலெக்ஸி கிளேரோவும், லாலாந்தும், நிக்கோல்-ரென் லெப்போத் என்ற பெண்மணியும் சேர்ந்து அமர்ந்தார்கள். காலை முதல் இரவு வரையில், சில நாள் சாப்பாட்டு மேசையில்கூட, ஆறு மாதம் கணக்குப் போட்டதாகவும், அதனால் தம் தேகநிலையே நிரந்தரமாக மாறிவிட்டதாகவும் லாலாந்து பின்னர் எழுதினார். வால்நட்சத்திரம் 618 நாள் தாமதித்து, 1759 ஏப்ரல் நடுவில், ஒரு மாதம் முன்பின்னாக, சூரியனை அணுகும் என்று கிளேரோ நவம்பரில் அறிவித்தார். அது மார்ச் 13-ஆம் தேதி அணுகியது. சொன்ன எல்லைக்கு ஓரிரு நாள் வெளியே போய்விட்டாலும், அந்தக் காலத்துக்கு அது மகத்தான வெற்றி. வெற்றிக்குப் பிறகு கிளேரோ வெளியிட்ட நூலில் லெப்போத் அம்மையாரின் பெயரை விட்டுவிட்டார் என்பதையும் இங்கே சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை; கணக்குப் போட்டவர்களின் பெயர் மறைந்து, கணக்கை அறிவித்தவரின் பெயர் நிலைப்பது இந்தச் சரித்திரம் நெடுகிலும் காணப்படும் வழக்கம்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. நட்சத்திரத்தின் உட்புறத்தில் அடர்த்தி எவ்வாறு மாறுகிறது என்று சொல்லும் லேன்-எம்டன் சமன்பாடு, ஒரு குறியெண்ணைப் பொறுத்துப் பல வடிவம் எடுப்பது. அக்குறியெண் 0, 1, 5 ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும்போது மட்டுமே அதற்குச் சூத்திரம் உண்டு. வெண்குள்ள நட்சத்திரங்களைப் பற்றி ஆராய வேண்டியவர்களுக்கோ 1.5-உம் 3-உம் வேண்டும். அவை இரண்டும் சூத்திரத்துக்கு வசப்படாதவை. சென்னை பிரசிடென்சிக் கல்லூரியில் படிப்பை முடித்த எஸ். சந்திரசேகர் 1930-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிச் செல்லும் வழியில், வெண்குள்ள நட்சத்திரத்தின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்ற முடிவுக்கு வந்தபோது, அவருக்குக் கைகொடுத்தது குறியெண் 3-க்கு எம்டன் முன்பே படிப்படியாகக் கணக்கிட்டு அட்டவணையில் பதித்திருந்த எண்கள். பிறகு 1934-இல், உச்சவரம்பைப் பற்றிய ஐயங்களை நிவர்த்திக்க வேண்டுமானால் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சமன்பாட்டைத் தொகையிட்டே காட்ட வேண்டும் என்று கண்டு, கைப்பிடியைச் சுழற்றிக் கூட்டிப் பெருக்கும் பிரன்ஸ்விகா யந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு, பத்து மாதிரி நட்சத்திரங்களுக்கு அவ்வாறே செய்தார். அந்த யந்திரத்தை அவருக்கு வாங்கித் தந்தவர் கேம்பிரிட்ஜ் வானியலறிஞர் எடிங்டன். 1935 ஜனவரி 11-ஆம் தேதி லண்டன் வானியல் சங்கக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவைப் படித்தவுடன் எழுந்து பரிகாசம் செய்தவரும் அதே எடிங்டன்தான். எடிங்டன் பரிகாசம் செய்தது பௌதிகத்தை. எண்களில் ஒன்றையும் அவரால் அசைக்க முடியவில்லை. வகுப்பறையில் 'சி.எஃப்., பி.ஐ.' தேடும் பயிற்சி மட்டும் பெற்ற ஒருவரால் இந்த வேலையைத் தொடங்கவே முடிந்திராது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

கையால் அடிவைத்துப் போகும் இந்தச் சிரமத்தை யந்திரத்தின்மேல் ஏற்றும் யோசனை கெல்வின் பிரபுவுக்கு 1876-இலேயே தோன்றியிருந்தது. அவருடைய சகோதரர் ஜேம்ஸ் தாம்சன் அமைத்த தொகையிடும் கருவியின் விடையை மறுபடி அக்கருவிக்கே ஊட்டினால் வகைக்கெழுச் சமன்பாடு தானே தீர்ந்துவிடும் என்று அவர் கண்டார். ஆனால் உராய்வினால் மட்டும் சுழலும் மெல்லிய சக்கரத்துக்கு மற்ற பாகங்களை இழுத்துச் சுழற்றும் பலம் இல்லாமையால் யோசனை காகிதத்திலேயே நின்றுவிட்டது. அரை நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், வன்னெவர் புஷ் அந்தத் தடையை நீக்கினார். கப்பல்களில் நங்கூரம் இழுக்கும் உருளையைப் போலவே, ஓயாமல் சுழலும் ஓர் உருளையில் சுற்றிய நாண், மெல்லிய இழுப்பைப் பல்லாயிரம் மடங்காக்கித் தரும் கருவியை பெத்லஹெம் எஃகுக் கம்பெனியில் ஒருவர் கண்டுபிடித்திருந்தார். அதைப் புஷ் தமது யந்திரத்தில் பொருத்தினார். 1931-இல் அவர் விவரித்து வெளியிட்ட அந்த 'டிஃபரென்ஷியல் அனலைசர்' ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டது. படுக்கையாகச் சுழலும் கண்ணாடித் தட்டின்மேல் செங்குத்தாக ஒரு சிறு சக்கரம் நிற்கும். தட்டின் நடுவிலிருந்து சக்கரம் எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவு வேகமாகச் சுழலும். அது சுழன்ற மொத்தச் சுழற்சியே தொகையீடு. இத்தகைய தொகையிடும் அங்கங்கள் ஆறு. நடுவே நீண்ட தண்டுகள், பற்சக்கரங்கள். ஒரு மேசையில் விடையைத் தானாகவே வளைகோடாக வரையும் பென்சில். சமன்பாட்டை மாற்ற வேண்டுமானால் திருப்புளியும் ஸ்பானரும் எடுத்துக்கொண்டு தண்டுகளை நாட்கணக்கில் மாற்றிப் பூட்ட வேண்டும்.

அந்த யந்திரத்தைப் பற்றிப் புஷ் தம் முதிய வயதில் நினைவுகூர்ந்த ஒரு செய்தி, கல்வியைப் பற்றி யோசிப்பவர்களுக்கு மிக முக்கியமானது என்பது என் அபிப்பிராயம். யந்திரத்தைக் கட்டவும் பராமரிக்கவும் அவர் அமர்த்தியிருந்த மெக்கானிக் ஒருவருக்கு நுண்கணிதம் கற்பித்தவர் யாரும் இல்லை. ஆயினும் தட்டையும் சக்கரத்தையும் தினந்தோறும் கையாண்டு வந்ததிலேயே, வகைக்கெழுச் சமன்பாடு என்றால் என்ன என்பதை அவர் தம் கைவழியாக அறிந்துகொண்டுவிட்டாராம். கணிதப் பேராசிரியர்களுடன் சரிசமமாக யந்திரத்தின் நடப்பைப் பற்றி விவாதிக்கும் அளவுக்கு அந்த அறிவு அவருக்கு ஊறியிருந்தது. ஒரு சூத்திரமும் அறியாத அந்த மனிதருக்குத் தீர்வின் குணம் தெரிந்திருந்தது. எந்த மாறிலியை முடுக்கினால் பென்சில் எப்படி வளையும் என்று சொல்ல அவரால் முடிந்தது. எத்தனையோ சூத்திரம் அறிந்த நம் பட்டதாரிகளுக்கு இது தெரிவதில்லை.

புஷ்ஷின் யந்திரத்துப் படங்களைப் பார்த்த மான்செஸ்டர் பேராசிரியர் டக்ளஸ் ஹார்ட்ரீக்கு, யாரோ பெரிய அளவு மெக்கானோ விளையாட்டுச் சாமான் பெட்டியை வைத்து வேடிக்கை செய்திருக்கிறார்கள் என்றே தோன்றியது. குழந்தைகள் துளையிட்ட தகடுகளையும் சிறு போல்ட்டுகளையும் பூட்டி விளையாடும் அதே மெக்கானோவால், ஆர்தர் போர்ட்டர் என்ற மாணவருடன் சேர்ந்து அவர் 1934-இல் ஒரு மாதிரியைக் கட்டினார். செலவு சுமார் 20 பவுன். விளையாட்டாகத் தொடங்கிய மாதிரி அணுக்களின் அமைப்பைக் கணக்கிடும் உண்மையான ஆராய்ச்சிக்கே பயன்பட்டது. மறு ஆண்டே முழு அளவு யந்திரம் மான்செஸ்டரில் எழுந்தது. கேம்பிரிட்ஜிலும் ஒரு மெக்கானோ யந்திரம் கட்டப்பட்டது. ஒரு மாணவன் தன் கையால் பூட்டிய யந்திரத்தில் தன் சமன்பாட்டையே தீர்த்துப் பார்த்த முதற்காலம் அது.

யுத்தம் எல்லாவற்றையும் விரைவுபடுத்தியது. பீரங்கிக் குண்டின் ஒரு நிமிஷப் பயணத்தை மேசைக் கணக்கு யந்திரத்தால் போட ஒருவருக்கு 20 மணி நேரமும், புஷ் வகை யந்திரத்துக்குக் கால் மணியும் பிடித்ததென்றால், 1946-இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்ட எனியாக் மின்னணுக் கணிப்பொறிக்கு அரை நிமிஷம் போதுமாக இருந்தது. குண்டு போய்விழும் முன்பே கணக்கு முடிந்தது. அதற்குப் பிந்தைய சரித்திரம் பல நூல்களில் இருப்பதால் இங்கே விரிக்கவில்லை. எட்வர்ட் லோரன்ஸ் 1961-இல் வானிலைச் சமன்பாடுகளை ஓட்டும்போது 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506 என்று கொடுத்துவிட்டு, சற்று நேரத்தில் விடை முற்றிலும் வேறாகிப்போனதைக் கண்ட சம்பவம் ஒன்றே போதும்: அவ்விதச் சமன்பாடுகளின் குணத்தை எந்தச் சூத்திரமும் காட்டியிராது. நம் சென்னையிலோ, இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1973-இல் ஐ.பி.எம். 370 கணிப்பொறி வந்து சேர்ந்தபோது, மாணவர்கள் தங்கள் நிரலைத் துளையட்டைக் கட்டுகளாக ஒப்படைத்துவிட்டு விடைக்காகக் காத்திருந்தார்கள்.

வகுப்பறைக்குள் மென்பொருள் நுழைந்த வழி இரண்டு. சூத்திரத்தையே தேடித்தரும் வழி ஒன்று. மாசசூசெட்ஸில் 1968-இல் தொடங்கிய மாக்ஸிமா திட்டம் இதில் முன்னோடி. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1980-இல், மாணவர்களுக்கும் எட்டும்படியான சிறிய யந்திரத்தில் ஓட வேண்டும் என்ற நோக்கத்துடன் மேப்பிள் பிறந்தது. 1988-இல் மேத்தமேட்டிக்கா வந்தது. படிப்படியாக எண்களைக் கணக்கிடும் வழி மற்றொன்று. நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தில் கிளீவ் மோலர், ஃபோர்ட்ரான் எழுதத் தெரியாத தம் மாணவர்களும் அணிக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கட்டும் என்று 1970-களின் இறுதியில் மேட்லாபை எழுதினார். 1984-இல் அது வியாபாரச் சரக்காகியது. அந்த முதல் மேட்லாபில் வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கும் கட்டளையே இல்லை என்பதை அறிந்தால், இன்று அதையே நம்பிப் பாடம் நடத்துகிற பொறியியல் ஆசிரியர்கள் ஆச்சரியப்படுவார்கள்.

பாடத்தின் கேள்வியையே மாற்றியவர்கள் இந்த மென்பொருள்காரர்கள் அல்லர். மென்பொருளைக் கையிலெடுத்த ஆசிரியர்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹப்பார்டும் பெவர்லி வெஸ்டும் 1980-களில் மக்கின்டாஷ் திரையில் சாய்வுகளைச் சிறு கோடுகளாகப் பரப்பி, அக்கோடுகளின் ஓட்டத்தில் தீர்வுகளை மாணவரே செலுத்திப் பார்க்கும்படி செய்தார்கள். தீர்வு எது என்ற கேள்வியை விட்டுவிட்டு, தீர்வுகள் எங்கே போகின்றன, எங்கே ஒன்றுசேர்கின்றன, எங்கே வெடிக்கின்றன என்று அவர்கள் கேட்டார்கள். புவாங்கரே நூறாண்டு முன் கேட்ட கேள்விதான் இது. ஆனால் அவரைப் போன்ற மேதைகள் மனக்கண்ணால் கண்டதை இருபது வயதுப் பிள்ளைகள் ஊனக்கண்ணால் காணச் சாதனம் அப்போதுதான் கிடைத்தது. 1992-இல் சில அமெரிக்கக் கல்லூரிகள் கூட்டாகச் சேர்ந்து இத்தகைய சோதனைகளைப் பாடமாக்க முனைந்தன. தாமே பிர்க்காஃபுடன் சேர்ந்து 1962-இல் பாடநூல் எழுதியவரான ஜியான்-கார்லோ ரோட்டா, 1997-இல் வந்த தமது பிரசித்தமான உரையில், பரீட்சைக்காக மட்டும் உயிரோடிருக்கும் தந்திரங்கள் பாடநூலுக்குப் பாடநூல் நகலாகிக்கொண்டே வருவதைக் கடிந்துகொண்டார். கடிந்துகொண்டு என்ன? அத்தியாயங்கள் இன்னும் இருக்கின்றன.

இனி, பெர்னூலிகள் திணறிய அந்த வளைகோட்டுக்குத் திரும்புவோம். மென்பொருள் என்ன தருகிறது, என்ன தருவதில்லை என்பது அதில் நன்றாகத் தெரியும். இரண்டு அச்சுகளும் சந்திக்கும் புள்ளியிலிருந்து புறப்படும் தீர்வை மேப்பிளிடம் கேட்டால், கால், முக்கால் என்ற குறியெண்களையுடைய பெஸல் சார்புகள் மேலும் கீழுமாக நிற்கும் ஒரு பின்னத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எழுதித் தந்துவிடும். மாணவன் அதை நோட்டில் எழுதிக்கொள்வான், ஒன்றும் விளங்கியிராது. சூத்திரத்தை விட்டுவிட்டு ஆய்லரின் வழியில் அரை அலகு அடியாகத் தானே போட்டால், 0.5-இல் 0, 1-இல் 0.125, 1.5-இல் சுமார் 0.633, 2-இல் 1.958, 2.5-இல் 5.87 என்று எண்கள் அமைதியாக ஏறிக்கொண்டு போகும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. ஆனால் உண்மைத் தீர்வு 2.5 வரைக்கும் வருவதே இல்லை; 2-ஐத் தாண்டியவுடனே, 2.003-ஐ ஒட்டி, அது முடிவிலிக்கு ஏறிவிடுகிறது. பெஸல் பின்னத்தின் கீழ்ப்பகுதி பூஜ்யமாகும் இடம் அதுவே. இல்லாத தீர்வுக்கு ஆய்லரின் அடிகள் 5.87 என்று விலாசம் கொடுத்துவிட்டன! அடியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டியிருந்தால் எண் தாறுமாறாக மாறி, பொய் அம்பலமாகியிருக்கும். தானாகவே அடியளவைச் சுருக்கிக்கொள்ளும் இன்றைய மென்பொருள், அந்த இடத்தை நெருங்கும்போது மேலே போக முடியவில்லை என்று எச்சரிக்கும். எச்சரிக்கையைப் படித்து, ஏன் என்று கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் அது பிரயோஜனம்.

இந்தியாவிலும் சாதனத்துக்குக் குறைவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் மாதிரிப் பாடத்திட்டம், ஏரியில் கலக்கும் மாசு, வேட்டை விலங்கும் இரையும், தொற்றுநோய்ப் பரவல் ஆகிய சமன்பாடுகளை மென்பொருளில் வரைந்து பார்க்கும் செய்முறைகளை இளங்கலைக் கணிதத்துக்கே விதித்திருக்கிறது. பம்பாய்த் தொழில்நுட்பக் கழகம் விலையில்லாத ஸைலாபைக் கல்லூரிகளில் பரப்பிவருகிறது. பழைய மாக்ஸிமாவோ, டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்து வில்லியம் ஷெல்ட்டர் 1982 முதல் தனியாகப் பேணி, 1998-இல் அமெரிக்க அரசின் எரிசக்தித் துறையிடம் அனுமதி பெற்று, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டுப் போன சொத்து. குறை வேறிடத்தில் இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் வகைக்கெழுச் சமன்பாடு ஒரு தாள், எண்ணியல் முறைகள் வேறொரு தாள், மென்பொருள் செய்முறை மூன்றாவது தாள். மூன்றும் ஒன்றையொன்று அறியாமல் புளியம்பழமும் ஓடுமாக நிற்கின்றன. மாணவன் முதல் தாளில் சூத்திரம் தேடுகிறான். இரண்டாவது தாளில் ரூங்கே-குட்டா அட்டவணையை நான்கு தசமத்தானம் வரை நிரப்புகிறான். மூன்றாவதில் ஆசிரியர் தந்த கட்டளை வரிகளைத் தட்டச்சு செய்து, வந்த படத்தை ரெக்கார்டு நோட்டில் ஒட்டுகிறான். பியாஜியோகூட, சாய்வுகளை வரைந்து பார்க்கும் முறையை முதல் அத்தியாயத்திலும், ரூங்கேயின் எண்முறையைப் பின்னொரு அத்தியாயத்திலும், அதே நூலுக்குள்ளேயே வைத்திருந்தார் என்பதைப் பாடத்திட்டம் வகுப்பவர்கள் நினைவில் கொண்டு, இந்த மூன்று தாள்களையும் ஒரே ஆசிரியரிடம், ஒரே பருவத்தில் ஒப்படைக்க வேண்டும். பரீட்சைத் தாளிலும் சூத்திரமே இல்லாத ஒரு சமன்பாட்டைக் கொடுத்து, அதன் தீர்வு எங்கே போகிறது என்று ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும்.